ஜெயில் வாசலில் என் மேசை

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். எஞ்சினியர் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். ஒரு பழைய பள்ளிக்கூடத்துச் சுவரில் விரிசல் இருக்கிறதாம். அது இன்னும் நகர்கிற விரிசலா, என்றைக்கோ நின்றுபோன விரிசலா என்று பார்த்தவுடன் சொல்ல வழி உண்டா என்று கேட்டார். வழியெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது அம்மா என்றேன். புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் சார் உங்களைக் கேட்கிறேன் என்றார். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தையும் சேர்த்து உங்கள் எல்லோருக்குமாக இப்போது எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற மராமத்து எஞ்சினியர்கள் எழுத உட்கார்ந்தால் அணையும் பாலமுமாகத்தான் வரும். எனக்கு அந்த யோகம் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு சப்ஜெயில். எழுபதுகளின் பிற்பாதியில், பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஊரில் நான் இளம் எஞ்சினியராக இருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் எங்கள் ஊரைப் பற்றி எழுத ஜெயிலைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று அங்கே இருக்கிற என் சொந்தக்காரர்களே சண்டைக்கு வருவார்கள்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடம். கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, பின்பக்கம் வரிசையாக அறைகள். முன்னால் வாசலுக்கு மேலே பெரிய கல் வளைவு. அந்த வளைவு ஒன்றுதான் உள்ளே போகவும் வெளியே வரவும் வழி. சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போதுகூட உள்ளே குளுகுளுவென்று இருக்கும். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் அரிசி கடத்தியவர்கள். அந்த நாளில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் குற்றம். சைக்கிளிலும் தலைச்சுமையாகவும் கொண்டுவந்து மாட்டிக்கொள்வார்கள். சில நாள் இருப்பார்கள், வெளியே போவார்கள், மறுபடியும் மாட்டிக்கொண்டு வருவார்கள். ஊரில் யாரும் அவர்களைக் கேவலமாக நினைத்ததில்லை, அவர்கள் கொண்டுவந்த அரிசியைத்தானே எல்லோரும் பொங்கித் தின்றோம்.

அந்தக் கட்டிடத்தின் மேல் எனக்கு ஆசை விழுந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கட்டிடத்தின் மேல் ஆசைப்படாதவன் இந்த வேலைக்கு எதற்கு வருகிறான் என்று நான் இன்றைக்கும் கேட்பேன். ஆனால் ஆசை இருக்கிறவன் கண்ணை நம்பக்கூடாது என்பதையும் அந்த வருஷம்தான் கற்றுக்கொண்டேன்.

சங்கதி ஆரம்பித்தது ஒரு குடையில். ஜெயிலைப் பார்வையிட மாஜிஸ்திரேட் வந்திருந்தார். மழை விட்டதும் வளைவுக்குக் கீழே நின்று குடையை மடக்கியிருக்கிறார். மேலேயிருந்து தேங்காய்ப் பருமனில் ஒரு காரைக்கட்டி, பாதி மடங்கிய அந்தக் குடைக்குள் வந்து விழுந்தது. அவருக்கு அடி ஒன்றும் இல்லை, குடைதான் போயிற்று. திரும்பிப் போனதும் முதல் வேலையாக, இந்தக் கட்டிடம் மனிதர் இருக்கத் தகுந்ததா இல்லையா என்று எங்கள் ஆபீசுக்கு எழுதிக் கேட்டுவிட்டார். நான் போய்ப் பார்த்தால், வளைவின் இடது பக்கத் தூணில் மேலிருந்து இடுப்புயரம் வரைக்கும் ஒரு விரிசல் இறங்கியிருந்தது.

விரிசல் நகர்கிறதா என்று பார்க்கிற வழி உங்களுக்குத் தெரியும். ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் காரை பூசி ஒட்டிவிடுவோம். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி உடையும். விரிசல் எங்கே அதிக அகலமோ அங்கே ஒட்டு என்பது பாடம். அது விரிசலின் கீழ்முனைப் பக்கமாக இருந்தது, அங்கேயே ஒட்டினேன். சில நாள் கழித்துப் போனேன். இரண்டு முனையிலும் காரை இருந்தது, நடுவில் கண்ணாடியைக் காணோம். வேறொன்று ஒட்டினேன். அதுவும் போயிற்று. மூன்றாவதும் அதே கதி. கண்ணாடி உடைந்த துண்டாவது கிடைத்தால் எப்படி உடைந்தது என்று பார்த்திருப்பேன். ஆனால் வாசலைத் துடைத்து வைத்ததுபோல் வைத்திருந்தார் ஹெட் வார்டர்.

ஹெட் வார்டர் ஆறுச்சாமி அந்த ஊர்க்காரர்தான். பெரிய மீசை, சின்ன உருவம். விடிந்ததும் ஆட்களை வைத்து வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிடுவார். நான் மற்ற வேலைகளையெல்லாம் பார்த்துவிட்டு வெயில் ஏறின பிறகுதான் ஜெயில் பக்கம் போவேன். ஒவ்வொரு தடவையும் அவரிடம், போன தடவைக்கும் இன்றைக்கும் நடுவில் இங்கே ஏதாவது விசேஷமாக நடந்ததா என்று விசாரிப்பேன். லாரி ஏதும் இடித்ததா, யாராவது கல் எறிந்தார்களா என்றெல்லாம் கேட்பேன். விசேஷம் ஒன்றுமில்லை என்பார். பிறகு கஞ்சி குடித்துவிட்டுப் போகச் சொல்வார். ஜெயில் கஞ்சி சுமார்தான். ஆனால் சில நாள் அதோடு ஒரு தேங்காய்த் துவையல் கிடைக்கும் பாருங்கள், அதற்காகவே நான் இன்னொரு தரம் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறேன்.

மூன்று கண்ணாடியும் போனதை மேலிடத்துக்கு எழுதினேன். எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். அவர் பெயரையும் சொல்லப் போவதில்லை. தன் பெயரை யாராவது புகழ்ந்து எழுதினால் அவருக்குக் கோபம் வரும், அந்தக் கோபத்தை நான் பார்த்திருக்கிறேன். வெற்றிலை போடாத, சிகரெட் பிடிக்காத, சத்தம் போட்டுச் சிரிக்காத மனிதர். நாங்கள் இளவட்டங்கள் அவரைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்குவோம். கண்ணாடிகள் போன சேதி கிடைத்ததும், கட்டிடம் ஆபத்தானது என்ற சான்றை டைப் அடித்துக்கொண்டு நாளைக் காலையில் தானே வருவதாகச் சொல்லி அனுப்பினார். நான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கைதிகளைப் பாலக்காட்டுக்கு மாற்றிவிட்டு, மழை விட்டதும் கட்டிடத்தை இடித்துவிடுவார்கள். இடிக்கிற காண்டிராக்டர் அதற்குள் வந்து தேக்குக் கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

அவர் வருகிறார் என்பதால் அன்றைக்கு நான் அதிகாலையிலேயே ஜெயில் வாசலில் போய் நின்றேன். நான்காவதாக ஒட்டிய கண்ணாடி முழுசாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது கம்பிக் கதவு திறந்தது. நாச்சிமுத்து வெளியே வந்தான். நாச்சிமுத்து அரிசிக் கடத்தலில் பழைய ஆள், ஜெயிலுக்கு மாமியார் வீடுபோல வந்து போகிறவன். வாசலில் காத்திருந்த அவன் பெண்சாதி ஒரு தேங்காயை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் தலைக்கு மேலே தூக்கி, தூணுக்கு அடியில் இருந்த கருங்கல்லில் ஓங்கி அடித்தான். காய் சிதறிய வேகத்தில் ஒரு சில்லு பறந்து போய் என் கண்ணாடியில் பட்டது. என் கண் முன்னாலேயே அது பொலபொலவென்று உதிர்ந்தது. நாச்சிமுத்து திரும்பிப் பார்க்காமல் நடந்து போனான். அந்த ஊரில் ஜெயிலை விட்டுப் போகிறவன் சிதறுகாய் உடைக்காமல் போகமாட்டான், உடைத்த பிறகு திரும்பியும் பார்க்கமாட்டான். பார்த்தால் வாசல் மறுபடியும் கூப்பிடுமாம். உள்ளேயிருந்து இரண்டு பேர் வந்து தேங்காய்த் துண்டுகளைப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டார்கள். மிச்சத்தைப் பெருக்கித் தள்ளினார்கள், என் கண்ணாடியையும் சேர்த்து.

ஆறுச்சாமியைப் பிடித்துக்கொண்டேன். இதை ஏன் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அதென்னத்துக்குங்க அதப்போயிச் சொல்றது? வெளிய போறவன் காய் ஒடைக்காம போவானுங்களா? அதுல என்னுங்க விசேசம் இருக்குது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மனிதர் சொன்னதில் தப்பே இல்லை. நான் விசேஷமாக என்ன நடந்தது என்று கேட்டேன், அவர் விசேஷம் இல்லை என்றார். அந்த முறம் சமையல்கட்டுக்குப் போகிறதைப் பார்த்த பிறகுதான் துவையலின் ரகசியமும் எனக்கு விளங்கியது. தடயத்தையெல்லாம் நானே கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டு தின்றிருக்கிறேன்.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். அன்றிலிருந்து எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் என்ன விசேஷம் என்று கேட்பதை விட்டுவிட்டேன். இங்கே தினமும் என்ன நடக்கும் என்றுதான் கேட்பேன். பிற்பாடு என்னை மூணாறுக்கு மாற்றினார்கள். மாட்டுப்பட்டி போகிற வழியில் ஒரு குடியிருப்பில் ஒரு சுவர் மட்டும் கோடையிலும் ஈரம் காயாமல் கிடந்தது. எனக்கு முன்னால் போனவர்கள் கூரை ஓடுகளை மாற்றினார்கள், தரையைத் தோண்டினார்கள். நான் போய் அங்கே குடியிருந்த அம்மாளிடம் தினமும் இந்தப் பக்கம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அங்கனதான சார் காலையில மாட்டக் கழுவுவோம்" என்றார். வேலை முடிந்தது, ஜீப் டிரைவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள்.

சரி, ஜெயிலுக்கு வருவோம். மேலதிகாரி வந்தார். நான் வாயெல்லாம் பல்லாகத் தேங்காய்க் கதையைச் சொன்னேன். அவரும் சிரிப்பார், சான்றைக் கிழித்துப் போட்டுவிட்டு முதுகில் தட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கீழே குனிந்து அந்தக் கருங்கல்லைப் பார்த்தார், நிமிர்ந்து விரிசலைப் பார்த்தார்.

"தேங்காய் கண்ணாடியை உடைச்சுது, சரி. அதனாலே வளைவு நகரலைன்னு ஆயிடுமோ? உன் சாட்சி பொய்ச்சாட்சின்னு தெரிஞ்சுது, அவ்வளவுதானே. நிஜம் என்னன்னு இன்னும் தெரியலையே."

 அவர் சொன்னது அத்தனையும் சரி. கட்டிடத்தின் மேல் இருந்த ஆசையில், ஆபத்து என்பதற்கு ஆதாரம் போய்விட்டது என்றதுமே ஆபத்து இல்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இரண்டும் வேறு வேறு. உங்களில் பலரும் இன்றைக்கும் இந்த இடத்தில்தான் சறுக்குவீர்கள், எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்புறம் அவர் இன்னொன்று சொன்னார். இது பூட்டி வைத்திருக்கிற கட்டிடம், பள்ளிக்கூடமோ ஆபீசோ ஆடினால் உள்ளே இருக்கிறவர்கள் எழுந்து ஓடிவிடலாம், இங்கே ஓட முடியாது, அதை மறந்துவிடாதே என்றார்.

எனக்கு ஒரு வாரம் தாருங்கள், முட்டுக்கால் கொடுத்து வளைவைத் தாங்கிவிட்டுப் புதுக் கண்ணாடி ஒட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். மழை கொட்டுகிற வாரம், நகர்கிற சுவராக இருந்தால் இப்போதுதான் நகரும் என்றும் சொன்னேன். அவர் கையை நீட்டி வளைவைக் காட்டினார்.

"நீ அந்த வளைவுக்கு அடியிலே மேசை போட்டு உன் ஆபீஸ் வேலையைப் பார்ப்பியோ? பார்ப்பாய்னா ஒரு வாரம் சமயம் தரேன். மாட்டேன்னா இப்போவே இதிலே ஒப்புப் போடு."

 பார்ப்பேன் சார் என்றேன். எந்த வாய் அதைச் சொன்னதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்கே நல்ல பனங்கட்டைகளை முட்டுக்காலாக நிறுத்தி, மேலே ஒரு உத்தரம் வைத்து, உத்தரத்துக்கும் வளைவுக்கும் நடுவே ஆப்பு அடித்து இறுக்கினோம். கண்ணாடியைக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக ஒட்டினேன். கீழே இருப்பதற்குத் தேங்காய்ச் சில்லு படாமல் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மூடி போட்டேன். சிதறுகாயை ஒரு வாரம் நிறுத்திவிடலாமே என்று ஆறுச்சாமியிடம் சொல்லிப் பார்த்தேன். நிறுத்தினால் ஜாமீன் கிடைத்தவன்கூட வெளியே போகமாட்டான், அப்புறம் அத்தனை பேருக்கும் யார் கஞ்சி ஊற்றுவது என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் வளைவுக்கு நேர் கீழே என் மேசையும் நாற்காலியும் வந்தன. போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் நாளே ஒரு அம்மாள் தன் மகனுக்கு ஜாமீன் கேட்டு என்னிடம் மனுக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். ஒரு வக்கீல் குமாஸ்தா என்னைப் புது ஜெயில் கிளார்க் என்று நினைத்து மரியாதையாக விசாரித்தார். சந்தைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் தலையைத் தூக்காமல் எஸ்டிமேட் எழுதினேன். தலையைத் தூக்கினால் விரிசல் தெரியும்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? எங்கள் வீடு அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். உங்கள் பையன் ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறான் என்று யாரோ அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதில் பொய் இல்லை. அப்பா நிலக்கடலை பறித்துக்கொண்டிருந்தவர், கை மண்ணைக்கூடச் சரியாகக் கழுவாமல் பக்கத்திலிருக்கிற சித்தூருக்குப் போய் ஒரு வக்கீலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வெள்ளைச் சட்டையோடு மேசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து காதோடு பேசினார்.

"எத்தன நாளைக்குப்பா வெச்சிருக்கறாங்க? வக்கீலக் கூட்டியாந்துட்டேன். நீ வாயத் தொறக்காத, அவரு பாத்துக்குவாரு."

விஷயத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புரிந்ததும் அண்ணாந்து வளைவைப் பார்த்தார். வக்கீலும் பார்த்தார். பார்த்தவுடன் வக்கீல் நாலடி தள்ளி நின்றுகொண்டார். அப்பா நகரவில்லை. குற்றம் செய்து உள்ளே போயிருந்தால்கூட ஜாமீன் எடுத்திருப்பேன், இதற்கு என்ன செய்வது என்று வருத்தப்பட்டுவிட்டு, வக்கீலுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பிக் கூட்டிப் போனார். அன்று அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. பெற்றவருக்குப் பயத்தைக் கொடுத்துவிட்டோமே என்று மனசு கனத்துக் கிடந்தது.

வார முடிவில் மழை வலுத்தது. காற்று மேற்கேயிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்துக்கொண்டு வந்தது. வாசலில் தண்ணீர் ஓடியது, முட்டுக்கால் நட்ட இடமெல்லாம் சேறு. நான் மேசையைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பகல் சாப்பாட்டு நேரம். தலைக்கு மேலே என்னவோ பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம், உடனே பக்கத்தில் டமாலென்று இன்னொரு சத்தம்.

ஓடினேன். பொறுப்பு, பந்தயம், மேலதிகாரி எதுவும் ஞாபகம் வரவில்லை. ஓடியதுதான் ஓடினேன், தெருப் பக்கமாவது ஓடியிருக்கலாம். உள் பக்கம் ஓடிவிட்டேன். சாப்பாட்டுப் பாத்திரத்துக்காகத் திறந்து வைத்திருந்த கம்பிக் கதவு வழியாக நான் உள்ளே பாய, ஆறுச்சாமி பழக்க தோஷத்தில் கதவை அறைந்து பூட்டிவிட்டார். வாசலில் ஒருவன் ஓடுகிறதைப் பார்த்தால் பூட்டுவதுதானே அவர் உத்தியோகம். முற்றத்து வராந்தாவில் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு தெரிந்த முகம். திரும்பிப் பார்க்காமல் போன நாச்சிமுத்து, அந்த வாரமே இன்னொரு மூட்டையோடு பிடிபட்டு வந்திருந்தான். "வாங்க சார், உங்களுக்கு எந்தக் கேசுங்க?" என்று இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

நானும் சிரித்தேன். ஆறுச்சாமி பதற்றத்தில் சாவிக்கொத்தைக் கீழே போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும் நாச்சிமுத்து வளைவையே பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"அது உழுந்துருங்களா சார்? உழுகறதுன்னா மொதல்லயே சொல்லிப்போடுங்க. நாங்க கம்பிக்கு இந்தப் பக்கமுங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். நானும் அப்போது கம்பிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன், கதவு பூட்டியிருந்தது, சாவி கிடைக்கவில்லை. மேலதிகாரி சொன்னது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒரு வாரமாக என் கட்டிடம், என் பந்தயம், என் தைரியம் என்று உட்கார்ந்திருந்தேனே தவிர, விழுந்தால் தப்ப வழியில்லாதவர்கள் இத்தனை பேர் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. விழுகிறதென்றால் இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், கட்டிடம் போனால் போகட்டும் என்று மனசார முடிவு செய்தேன்.

முடிவு செய்துவிட்டு நிமிர்ந்து வளைவைப் பார்த்தேன். உள்ளே இருட்டு, வெளியே மழை வெளிச்சம். உத்தரத்துக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. சேற்றில் முட்டுக்கால்கள் இறங்கிவிட்டன. ஆப்பு தெறித்து விழுந்திருக்கிறது, டின் மூடியின் மேல் விழுந்ததுதான் அந்த டமால். உத்தரம் கீழே போய்விட்டது, வளைவு அதோடு போகவில்லை. தாங்க ஆளில்லாமல், அந்த மழையில், தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

சாவி கிடைத்துக் கதவு திறந்ததும் போய்க் கண்ணாடிகளைப் பார்த்தேன். கீழே இருந்ததும் முழுசு, மேலே இருந்ததும் முழுசு. இப்போது என்ன செய்வது? ஆப்பை மறுபடியும் அடித்து இறுக்குவதுதான் பத்திரம். ஆனால் இறுக்கிவிட்டால், வளைவு தானாக நின்றதா, முட்டுக்கால் தாங்கியதா என்று யாருக்கும் காட்ட முடியாது. விடவும் பயம், இறுக்கவும் மனசில்லை. கடைசியில் ஆட்களை எல்லாம் முற்றத்துக்குப் பின்னால் கடைசி அறைக்கு மாற்றச் சொன்னேன். வாசல் வழியாக யாரும் வரக்கூடாது, போகக்கூடாது என்று ஆறுச்சாமியை நிறுத்தினேன். மேலதிகாரிக்குச் சொல்லி அனுப்ப ஆள் தேடினேன். பிறகு நான் மட்டும் திரும்பப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் நாள் உட்கார்ந்தது வீம்பில். அன்றைக்கு உட்கார்ந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

நான் அனுப்பிய ஆள் பஸ் ஏறியிருக்கவே மாட்டான், அதற்குள் அவருடைய ஜீப் வந்து நின்றது. மழையைப் பார்த்ததும் அவராகவே பாலக்காட்டிலிருந்து கிளம்பிவிட்டிருக்கிறார். எனக்கு அவர் மேல் இருந்த பயமெல்லாம் அன்றோடு வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் எதையும் விளக்கவில்லை, கையைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் மேசை மேல் ஏறினார். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்து, உத்தரத்துக்கும் வளைவுக்கும் நடுவே இந்த முனையில் விட்டு அந்த முனை வரைக்கும் இழுத்தார். எங்கேயும் தடுக்கவில்லை. இரண்டு கண்ணாடியையும் விரலால் தடவிப் பார்த்தார். இறங்கி வந்து, ஆறுச்சாமியின் முக்காலியை இழுத்து வளைவுக்கு நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம்தான் ஆப்பை அடிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வழக்கமான வேலை. அந்த விரிசல், கட்டிடம் கட்டிய காலத்தில் அடித்தளம் உட்கார்ந்தபோது விழுந்து, அப்போதே நின்றுபோனது. மாஜிஸ்திரேட் குடையில் விழுந்தது பிற்காலத்தில் யாரோ அப்பிய சிமெண்ட் பூச்சு. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம், தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டினோம். இன்றைக்கு அங்கே ஜெயில் இல்லை, அதற்குப் புதுக் கட்டிடம் வந்துவிட்டது. பழையதைப் பாதுகாக்க வேண்டிய கட்டிடம் என்று வைத்திருக்கிறார்கள். அறைகளில் புத்தகம் அடுக்கி வாசகசாலை ஆக்கியிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், கோடையில் படிக்க அதைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்தில் கிடையாது.

அன்று சாயங்காலம் அந்த மேசையில் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். முந்தின வாரம் என்னிடம் விட்டுப்போன, டைப் அடித்த பழைய சான்றை அவர் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். கட்டிடம் பத்திரமானது, மனிதர் இருக்கத் தகுந்தது என்று புதிதாக எழுதச் சொன்னார். எழுதினேன். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் எனக்குக் கடைசி அறையில் இருந்தவர்கள் ஞாபகம் வந்தது. நாச்சிமுத்து சோறு பிசைந்துகொண்டே கேட்டது ஞாபகம் வந்தது. பேனா ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்றது. அவர் கவனித்துவிட்டார்.

"கை நடுங்கறதே. பயமோ?"

"ஆமாங்க சார்."

"நடுங்கட்டும். நடுங்காத கை ஒப்புப் போட்ட கட்டிடத்துக்குள்ளே நான் கால் வைக்கமாட்டேன், கேட்டியோ."

போட்டேன். அவர் என்னிடமிருந்து பேனாவை வாங்கினார். என் பெயருக்குக் கீழே அவரும் போட வேண்டும். ஓய்வு பெறப் போகிற வயது அவருக்கு. எத்தனையோ பாலத்துக்கும் அணைக்கும் ஒப்புப் போட்ட கை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவும் நடுங்கியது.